பள்ளத்தோடு ஒரு சிவப்பு வண்டி

“பின்கதவுல ஒரு பள்ளம்,” என்றார் நாச்சிமுத்து. வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கதவில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “அகலம் ஒரு சாண். ஆழம் ஒரு விரல்.”

“வேணுங்களா, வேண்டாங்களா?” என்று கேட்டாள் ருக்குமணி.

“சாம்பிள்ல இருக்குதல்ல அம்மிணி?”

“இருக்குதுங்ணா.”

“அப்ப வேணும்.”

அவினாசியப்பன் பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தார். கை அடக்கமாக உட்கார்ந்தது. “நல்ல பள்ளங்க. இந்த மாதிரி இப்ப கடைல கிடைக்கறது கஷ்டம்,” என்றார்.

மூன்று பேரும் கரூர் அன்னபட்சி எக்ஸ்போர்ட்ஸின் சாம்பிள் ரூம் ஆட்கள். வெளிநாட்டுச் சமையலறைகளுக்குத் துண்டும் ஏப்ரனும் அனுப்புகிற கம்பெனி அது. அங்கிருந்து ஒரு துண்டு சாம்பிளாக வரும். அதை அளந்து, எடை போட்டு, கழுவிப் பார்த்து, அதேபோல இன்னொன்று செய்து காட்டுவது இவர்கள் வேலை. நாச்சிமுத்து தரம் பார்ப்பார். அவினாசியப்பன் வேண்டியதை வாங்கி வருவார். ருக்குமணி எழுதிக்கொள்வாள்.

சாம்பிள் விஷயத்தில் அவர்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. முன்பு ஒரு முறை வந்த துண்டின் மூலையில் காபிக் கறை இருந்தது. மூன்று பேரும் ஒரு வாரம் விவாதித்தார்கள். ஃபில்டர் காபியில் நிறம் சரிவரவில்லை. கடைசியில் பால் இல்லாத காபியில் கண்டெய்னர் முழுக்க அத்தனை துண்டின் மூலையையும் நனைத்து அனுப்பினார்கள். அந்த ஊரில் துண்டுகள் கறைக்காகவே விற்றுத் தீர்ந்தன. அடுத்து வந்த சாம்பிளில் ஒரு தையல் கோணலாக இருந்தது. பார்க்கச் சகிக்காமல் நேராகத் தைத்து அனுப்பினார்கள். கண்டெய்னர் அப்படியே திரும்பி வந்தது.

அதிலிருந்து சாம்பிளில் இருப்பது இருக்க வேண்டும். இல்லாதது இருக்கக் கூடாது.

இப்போது சாம்பிள், முதலாளி வேதநாயகி மேடத்தின் கார். கம்பெனி பெயரில் லீஸுக்கு எடுத்தது. பார்க்க உழவர் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிற வண்டி மாதிரி சின்னதாக, சிவப்பாக இருக்கும். மிதித்தால் பந்தய வண்டி. பைபாஸில் திருச்சி பஸ்களை முந்துவது மேடத்துக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு.

மேடம் ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தார். அங்கிருந்து போன் செய்தார். ஆபீசில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்ததால் நாச்சிமுத்து எடுத்தார்.

“நாச்சிமுத்தண்ணா, வெள்ளிக்கிழமையோட என் வண்டி லீஸ் முடியுது. அவங்க வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க. அதுக்குள்ள இதே மாதிரி ஒண்ணு பாத்து வாங்கிருங்க. எதுலயும் குறை இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் திருச்சி ஏர்போர்ட்டுக்கு அதுலதான் வரணும்.”

“சரிங்க மேடம்.”

“நிஜமாத்தான் சொல்றேன். அந்தத் திரைச்சீலை விஷயம் மாதிரி பண்ணுனீங்கன்னா, மூணு பேரும் சாயப்பட்டறை.”

திரைச்சீலை விஷயம் சின்ன விஷயம். ஆபீசுக்கு, தன் வீட்டில் இருப்பது மாதிரியே திரைச்சீலை வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். அவர்கள் மேடத்தின் வீட்டுக்குப் போய் அதையே கழற்றிக்கொண்டு வந்து மாட்டிவிட்டார்கள். அதைவிடப் பொருத்தமாக யாராலும் வாங்கியிருக்க முடியாது.

சாயப்பட்டறை சின்ன விஷயம் இல்லை. அங்கே ஆவி. முழங்கால் வரை பூட்ஸ். கை எந்த நிறம் என்பது அன்றைய ஆர்டரைப் பொறுத்தது. சாம்பிள் ரூமிலோ ஏ.சி. உண்டு. துணிக்காகப் போட்ட ஏ.சி.தான், ஆனால் துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆளுக்கும் வரும். அவினாசியப்பனுக்கு வேர்க்குரு வரும் உடம்பு. அவர் போன் செய்தி கேட்டதும் முதுகைச் சொறிய ஆரம்பித்தார்.

“தப்பே பண்ணக் கூடாதுங்ணா,” என்றார்.

“எதுக்குத் தப்பு வருது? நம்மகிட்ட சாம்பிள் இருக்குது,” என்றார் நாச்சிமுத்து.

கடைக்குப் போகும்போது சாம்பிள் துண்டு கையில் வேண்டும். துணியின் எடை பார்க்க வட்டமாக வெட்டி எடுக்கிற கருவி ஒன்று அவர்களிடம் இருந்தது. நாச்சிமுத்து அதை டிரைவர் சீட்டின் நடுவில் வைத்து ஒரு திருகு திருகினார். அப்பளம் போல ஒரு வட்டம் வந்தது. உள்ளே இருந்த மஞ்சள் பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு பானட்டில் பிளேடால் கொஞ்சம் சிவப்புச் சுரண்டி, திருநீறு போல ஒரு பொட்டலத்தில் மடித்துக்கொண்டார்கள்.

ஷோரூமில் அவர்களை வரவேற்றவர் லோகநாதன். கழுத்தில் டை, கையில் டேப்லெட். மாதக் கடைசி. இன்னும் ஒரு வண்டி விற்காவிட்டால் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அன்றைக்கு யார் வந்தாலும், என்ன கேட்டாலும் மாட்டேன் என்று சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார்.

“உக்காருங்க சார். குடும்பத்துல எத்தனை பேருங்க?”

“முந்நூறு பேர் இருப்பாங்க,” என்றார் நாச்சிமுத்து. “நைட் ஷிப்ட் தனி.”

லோகநாதன் ஒரு நிமிடம் டேப்லெட்டைப் பார்த்தார். “மைலேஜ் முக்கியங்களா, பவர் முக்கியங்களா?”

“சுருங்கக் கூடாது. சாயம் போகக் கூடாது,” என்று அவினாசியப்பன் பொட்டலத்தைப் பிரித்தார். “இந்த சிவப்பு.”

லோகநாதன் முதலில் ஓர் உயரமான வண்டியைக் காட்டினார். இப்போது எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். நாச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் பார்த்தார். மூன்றும் சாம்பிளைவிட அதிகம்.

“பெருசுங்க,” என்றார் ருக்குமணியிடம்.

“பெருசா இருந்தா நல்லதுதானுங்ணா. நம்ம துண்டு வெட்டறப்பவும் கொஞ்சம் பெருசாத்தான் வெட்டறோம். கழுவுனா அளவுக்கு வந்துருது.”

மூன்று பேரும் இதை யோசித்தார்கள். நியாயமாகப் பட்டது.

“தம்பி, இதைக் கழுவிப் பாக்கணும்,” என்றார் நாச்சிமுத்து. “மூணு கழுவல். சுடுதண்ணி.”

லோகநாதன் கழுவச் சொன்னார். முதல் கழுவல் முடிந்ததும் நாச்சிமுத்து அளந்தார். இரண்டாவது முடிந்ததும் அளந்தார். மூன்றாவது கழுவலுக்குப் பின், காய வைப்பதற்காக வண்டியை வெயிலில் திருப்பித் திருப்பி நிறுத்தச் சொன்னார். மறுபடி அளந்தார். டேப்பை மடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“நூல் அளவுகூட இறங்கலை.”

“முன்னாடியே சுருக்கி வெச்சிருக்காங்க போல,” என்றார் அவினாசியப்பன்.

“முன்னாடியே சுருக்கியும் இவ்வளவு பெருசா? அப்ப எவ்வளவு பெருசா வெட்டியிருப்பாங்க!”

அந்த வண்டி வேண்டாம் என்று முடிவாயிற்று. யானை அளவு இருந்திருக்கக்கூடிய ஒரு வண்டியை மேடத்திடம் ஒப்படைப்பதில் மூன்று பேருக்குமே உடன்பாடில்லை.

அடுத்து லோகநாதன் ஒரு மின்சார வண்டியைக் காட்டினார். அளவு கிட்டத்தட்டச் சரி. சிவப்பும் உண்டு. நாச்சிமுத்து வெள்ளைத் துணியால் பானட்டைத் தேய்த்தார். பிறகு துணியை நனைத்துத் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. வாசலில் வெயிலில் வைத்துப் பொட்டலத்துச் சிவப்போடு ஒப்பிட்டார்கள். உள்ளே டியூப்லைட்டில் ஒப்பிட்டார்கள். குண்டு பல்பு வெளிச்சம் வேண்டும் என்றார்கள். ஷோரூமில் குண்டு பல்பு இல்லை. லோகநாதன் பின்பக்கம் டீக்கடைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய், அங்கே தொங்கிய பல்புக்குக் கீழே நிறுத்தினார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அவருக்கு நம்பிக்கை வந்தது.

“ஸ்டார்ட் பண்ணுங்க,” என்றார் நாச்சிமுத்து.

“ஸ்டார்ட்லதாங்க இருக்குது.”

மூன்று பேரும் குனிந்து காதை வைத்தார்கள்.

“சத்தம் எங்க தம்பி?”

“அதாங்க இதுல விசேஷம். சத்தமே வராது.”

அவினாசியப்பன் முகம் விழுந்துவிட்டது. “இது எப்பிடிங்க ஆகும்? மேடம் வண்டி பாலத்துல திரும்பறப்பவே எங்க தையல் செக்‌ஷனுக்குக் கேக்கும். கேட்டதும் எல்லாரும் போனை உள்ள வெச்சுட்டு மிஷின்ல உக்காந்துருவாங்க. டீ குடிக்கிறவங்க டம்ளரை வெச்சுட்டு ஓடுவாங்க. இதுல மேடம் வந்தா யாருக்குத் தெரியும்?”

“திடீர்னு வந்து நிப்பாங்க,” என்றாள் ருக்குமணி. சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் பயந்தாள்.

“ஒரு நாள் உற்பத்தி போயிரும்,” என்றார் நாச்சிமுத்து.

“ஒரு ஆளை முன்னாடி ஓட விட்டு, மேடம் வர்றாங்கன்னு கத்தச் சொல்லலாம்,” என்றார் அவினாசியப்பன்.

“மேடம் ஓட்டற வேகத்துக்கு யாரு ஓடுவா?”

ஒருவரும் இல்லை. மின்சார வண்டியும் போயிற்று.

லோகநாதன் டையைத் தளர்த்திக்கொண்டார். “சார், உங்களுக்கு என்னதாங்க வேணும்?”

“இதே மாதிரி,” என்று சீட்டிலிருந்து வெட்டிய வட்டத்தை நீட்டினார் நாச்சிமுத்து. வண்டியின் பெயரைச் சொன்னார்.

“அந்த மாடலையே நிறுத்திட்டாங்க சார்.” சொல்லிக்கொண்டே டேப்லெட்டில் தேடியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சேலத்துல ஒண்ணு நிக்குது. சிவப்பு. யாரும் வாங்காம ரொம்ப நாளா நிக்குது.”

மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். அவினாசியப்பன் லோகநாதனைக் கட்டிப்பிடித்தார்.

சேலத்து வண்டி புதன்கிழமை வந்து சேர்ந்தது. அளவு, எடை, சிவப்பு எல்லாம் சரி. ஆனால் அதைப் பார்த்ததும் மூன்று பேர் முகமும் சுருங்கியது. பள்ளம் இல்லை. வலப்பக்கக் கண்ணாடியில் விரிசல் இல்லை. சைலன்சரில் ஓட்டை இல்லாததால் சத்தமும் சாதுவாக இருந்தது. சீட் கட்டை மாதிரி விறைத்து நின்றது.

“பாதிக்குப் பாதி குறையுதே தம்பி,” என்றார் நாச்சிமுத்து.

“புது வண்டிங்க சார்!”

“அது சரி. குறை இருக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க.”

லோகநாதன் அவர்களைப் பின்னால் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு, ஃபோர்மேன் டேவிட்டிடம் கூட்டிக்கொண்டு போனார். டேவிட் இருபத்தைந்து வருடமாக மற்றவர்கள் வண்டியைப் பார்க்கிறவர். அதனால் ஆச்சரியப்படுவதை விட்டுவிட்டார்.

“பள்ளம் எடுக்கணுமா?” என்றார்.

“போடணுங்க.”

“எவ்வளவு?”

“ஒரு சாண் அகலம், ஒரு விரல் ஆழம்.”

டேவிட் ரப்பர் சுத்தியலை எடுத்து, ஒரு பழைய கதவில் ஒத்திகை பார்த்தார். நாச்சிமுத்து அளந்தார். சாணுக்குக் கொஞ்சம் கூட. மறுபடி ஒன்று. ஆழம் போதவில்லை. மூன்றாவது, பள்ளம் சரிதான், ஆனால் ஓரம் மேடம் போட்டது போல மென்மையாக வரவில்லை.

“கையால செஞ்சது கையால செஞ்சதுதான்,” என்று பெருமூச்சு விட்டார் அவினாசியப்பன்.

அப்போதுதான் லீஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை எடுக்க ஆள் வரும் என்றார்கள். “வாங்கறப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே திரும்பி வரணும் சார். பள்ளம், கிழிசல் ஏதாவது இருந்தா உங்க மேடத்துக்கிட்டதான் பேசுவோம்.”

நாச்சிமுத்து போனைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

“என்னங்ணா?”

“பழசு புதுசா இருக்கணுமாம்.”

“நம்மளுக்குப் புதுசு பழசா இருக்கணும்,” என்றார் அவினாசியப்பன். அவர் கை தானாக முதுகுக்குப் போயிற்று. சாயப்பட்டறையின் ஆவி ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே அடிப்பது போல இருந்தது. இதுவரை ஒரு வண்டியில்தான் தவற முடியும் என்று இருந்தது. இப்போது இரண்டு வண்டியில் தவறலாம்.

ருக்குமணி பேனாவைக் காதில் சொருகிக்கொண்டாள்.

“ஏனுங்ணா, அங்க பள்ளம் வேண்டாங்கறாங்க. இங்க நமக்குப் பள்ளம் வேணும். கதவையே மாத்திக்கிட்டா என்னங்க?”

நாச்சிமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். சாம்பிள் ரூம் ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு யோசனை அங்கே எழுந்ததில்லை.

கம்பெனியிலிருந்து மேடத்தின் வண்டியையும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்தார்கள். டேவிட் பழைய வண்டியின் பின்கதவைக் கழற்றிப் புதியதில் மாட்டினார். புதியதன் கதவைப் பழையதில் மாட்டினார். பிறகு கண்ணாடிகள் இடம் மாறின. சீட்டுகள் மாறின. வட்ட ஓட்டை போட்ட சீட் புது வண்டிக்குப் போனது. சுரண்டின பானட் போனது. சைலன்சர் போனது. டயர்கள், ஸ்டீயரிங், ஹாரன், கிலோமீட்டர் காட்டும் பெட்டி. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் திருகிக் கழற்றக்கூடியது எல்லாம் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் வந்து சேர்ந்துவிட்டது. கடைசியில் சீட்டுக்கு அடியில் கிடந்த ஒரு கடலை மிட்டாய்க் காகிதத்தையும் ருக்குமணி அதே இடத்தில் அதே மடிப்போடு வைத்தாள்.

“நம்பர் பிளேட்?” என்றார் நாச்சிமுத்து.

“அதைத் தொட மாட்டேன்,” என்றார் டேவிட். “போலீஸ் வரும்.”

அதைப் பற்றி ஒரு சின்ன விவாதம் நடந்தது. லேபிள் மாறலாம், துணிதான் மாறக் கூடாது என்று சமாதானமானார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் லீஸ்காரர் வந்தார். கையில் வண்டி கொடுத்த அன்று எடுத்த போட்டோக்கள். நாச்சிமுத்துவிடமும் அந்தப் போட்டோ ஒன்று இருந்தது. வாங்கியபோது எப்படியோ அப்படியே என்று சொல்லியிருந்ததால், போட்டோவில் இருந்த மாதிரியே வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, பக்கத்தில் அதே வரிசையில் மூன்று பேரும் நின்றார்கள். போட்டோவில் நாச்சிமுத்துவின் மீசை கறுப்பாக இருந்தது. அதனால் முந்தின நாளே சாயப்பட்டறை மாஸ்டரைப் பார்த்து, எந்தக் கழுவலுக்கும் போகாத ஒரு கறுப்பை மீசைக்கு ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். உதடும் கொஞ்சம் கறுத்திருந்தது.

லீஸ்காரர் போட்டோவையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சுற்றி வந்தார். கதவைத் திறந்து புது சீட்டின் வாசனையை இழுத்தார்.

“என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு வண்டி திரும்பி வந்ததில்லீங்க,” என்றார். குரல் தழுதழுத்தது. “உங்க மேடம் உக்காரவே மாட்டாங்களா?”

“பாத்துத்தான் உக்காருவாங்க,” என்றார் நாச்சிமுத்து.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு, மாலையோடு அந்த வண்டி போயிற்று.

மூன்று பேரும் மற்ற வண்டியில் ஏறித் திருச்சிக்குக் கிளம்பினார்கள். நாச்சிமுத்து ஓட்டினார். சைலன்சர் உறுமியது. தையல் செக்‌ஷனில் எல்லோரும் போனை உள்ளே வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்க்க முடிந்தது. அவினாசியப்பன் இரண்டு நாளில் முதல் முறையாக முதுகைச் சொறியாமல் சாய்ந்து உட்கார்ந்தார்.

குளித்தலைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காக வண்டி இடப்பக்கம் திரும்பியது. திரும்பியதும் நாச்சிமுத்து பிரேக் போட்டார்.

“கேட்டீங்களா?”

“ஒண்ணும் கேக்கலீங்களே.”

“அதைத்தான் சொல்றேன். மேடம் வண்டி இடப்பக்கம் திரும்பறப்ப ஒரு டிக் டிக் வரும். எங்கயோ உள்ள. இதுல வரலை.”

மறுபடி திருப்பினார். வரவில்லை. டீக்கடைக்கு முன்னால் இடப்பக்கமாகவே மூன்று சுற்றுச் சுற்றினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டார்கள். டிக் டிக் வரவில்லை. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரிந்ததில்லை. அதனால் அதை யாரும் கழற்றவில்லை. அது இந்நேரம் லீஸ்காரரோடு கோயமுத்தூர் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

“போச்சு,” என்றார் அவினாசியப்பன். “பூட்ஸ் என்ன சைஸ்ல கொடுப்பாங்கங்ணா?”

“பொறு. என்ன சத்தம் அது? சொல்லிக் காட்டு.”

“டிக், டிக்,” என்றாள் ருக்குமணி, நாக்கால். மென்மையாக வந்தது. கொலுசு மாதிரி. சரியில்லை. நாச்சிமுத்து செய்து பார்த்தார். மேல்பல் கட்டின பல் என்பதால் டொக், டொக் என்று வந்தது. அவினாசியப்பன் பயத்தில் வாய் உலர்ந்து போயிருந்தார். அவர் நாக்கை மேலே ஒட்டி எடுத்தபோது, இரும்பில் இரும்பு தட்டுகிற மாதிரி, சுத்தமான இரண்டு சத்தம் வந்தது.

நாச்சிமுத்து கண்ணை மூடிக் கேட்டார். “இன்னொரு தடவை.”

“டிக், டிக்.”

“அப்ரூவ்டு,” என்றார்.

ஏர்போர்ட்டில் மேடம் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். நாச்சிமுத்துவின் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

“புது வண்டி எங்க?”

“இதானுங்க மேடம்.”

“இது என் வண்டிதான?”

“இல்லீங்க. நம்பரைப் பாருங்க.”

மேடம் நம்பரைப் பார்த்தார். பின்பக்கம் வந்தார். பள்ளத்தைத் தொட்டார். “இது நான் அன்னிக்கு மாட்டு வண்டில இடிச்சது.”

“அதேதானுங்க. ஒரிஜினல்,” என்றார் நாச்சிமுத்து. “புதுசா அடிச்சுப் பாத்தோம், ஓரம் அந்த மாதிரி வரலை.”

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னார்கள். கதவு, கண்ணாடி, சைலன்சர். ருக்குமணி மிட்டாய்க் காகிதத்தை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

“புதுசுல இருந்த புதுசெல்லாம் எங்க?” என்றார் மேடம்.

“லீஸ்காரர் எடுத்துட்டுப் போயிட்டாருங்க. அவருக்கு அழுகையே வந்துருச்சு.”

மேடம் ஓட்டை போட்ட சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தார். ஹாரன் அடித்தது. அது பழைய ஹாரன்தான்.

அவரே வண்டியை எடுத்தார். ருக்குமணி முன்னால், ஆண்கள் இருவரும் பின்னால். அவினாசியப்பனுக்குச் சட்டைக்குள் அரித்தது, சொறியத் தைரியம் இல்லை. முக்கொம்பு தாண்டியதும் முன்னால் ஒரு கரூர் பஸ் போனது. மேடம் மிதித்தார். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. பஸ் பின்னால் போய்ச் சின்னதாயிற்று. கண்ணாடியில் இருந்த விரிசல் வழியாக மேடத்தின் உதடு ஓரத்தில் லேசாக ஏதோ அசைந்ததை நாச்சிமுத்து பார்த்தார்.

பெட்ரோல் பங்கில் வண்டி இடப்பக்கம் திரும்பியது.

“டிக், டிக்,” என்றது பின் சீட்டிலிருந்து.

மேடம் பிரேக் போட்டார். “புது வண்டிங்கறீங்க. இதுல எப்பிடி அதுவும் வருது?”

“எதுலயும் குறை வெக்கலீங்க மேடம்,” என்றார் நாச்சிமுத்து.

“நாலு வருஷமா அந்த டிக் டிக் என் உயிரை எடுத்துது. இந்தப் பள்ளம் இருக்கட்டும், சீட்டுகூட இருக்கட்டும்.” மேடம் திரும்பி மூன்று பேரையும் பார்த்தார். “நாளைக்குக் காலைல முதல் வேலையா ஒர்க்‌ஷாப்ல விட்டு அந்த டிக் டிக்கை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. அது போயிருச்சுன்னா சாயப்பட்டறையை நான் மறந்தர்றேன். போகலைன்னா திங்கக்கிழமை மூணு பேரும் அங்க.”

மறுநாள் காலையில் மூன்று பேரும் பஸ்ஸில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். வழியில் அவினாசியப்பன் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்ணா, நான் இனிமே அடிக்காம இருந்துட்டாப் போச்சுல்லீங்க?”

“மேடம் நிறுத்தச் சொல்லலை. ஒர்க்‌ஷாப்ல விட்டு எடுக்கச் சொன்னாங்க.”

“வலிக்குங்களா?”

“கதவுக்கு வலிச்சுதா?” என்றார் நாச்சிமுத்து. அவினாசியப்பன் யோசித்துப் பார்த்தார். கதவு ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. வேர்க்குருவுக்கு இது தேவலை என்று பட்டது.

டேவிட் வேலை அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார். “என்ன புகார்?”

“டிக் டிக்னு சத்தம்.”

“வண்டி எங்க?”

“வண்டில ஒண்ணும் இல்லீங்க,” என்றாள் ருக்குமணி. “சத்தம் இவருகிட்ட.”

டேவிட் அவினாசியப்பனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். “எப்ப வருது?”

“இடப்பக்கம் திரும்பறப்ப.”

டேவிட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். அவினாசியப்பனின் இரண்டு தோளையும் பிடித்து வலப்பக்கம் திருப்பினார். ஒன்றும் வரவில்லை. இடப்பக்கம் திருப்பினார்.

“டிக், டிக்,” என்றார் அவினாசியப்பன்.

டேவிட் தலையை ஆட்டிக்கொண்டார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். அட்டையில் ஏதோ எழுதினார்.

“சாயங்காலம் ஆகும். விட்டுட்டுப் போங்க,” என்றார்.

நாச்சிமுத்துவும் ருக்குமணியும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். டேவிட் அட்டையின் நூலை அவினாசியப்பனின் சட்டைப் பொத்தானில் முடிச்சுப் போட்டுவிட்டு, அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.